உயரத்து வளியும் உயிர்க்காப்பும்

மனிதன் நிலத்தின்மேல் வாழ்பவன் என்பது உலக வழக்கு. பௌதிக நூலார் நோக்கிலோ அவன் ஒரு பெருங்கடலின் அடித்தரையில் வாழ்பவன். அக்கடல் வளியாலாயது. ஆழத்தில் வாழும் மீன் தன்மேற் கிடக்கும் நீரின் பாரத்தை உணராதவாறு போல, நாமும் நம்மேற் கிடக்கும் வளியின் பாரத்தை உணர்வதில்லை. எனினும் அப்பாரம் உண்டு. இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1643-ஆம் ஆண்டளவில் இரசக் குழாயின் துணைகொண்டு அதனைப் புலப்படுத்தினார். கடன்மட்டத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் வளி 14.7 இறாத்தல் அளவினதாய் அமுக்குகின்றது. அனலைதீவு போலக் கடலோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் தீவுகளிற் பிறந்து வளர்ந்தார்க்கு இவ்வமுக்கமே உடற்கு இயல்பாயது.

இத்தகைய தீவுகளிலிருந்து புறப்படுவோர் இன்று வளிக்கடலின் உயர்ந்த படைகளினூடே கண்டம்விட்டுக் கண்டஞ் செல்கின்றனர். அனலைதீவிலிருந்து படகேறி ஊர்காவற்றுறை வந்து, தரைவழியே கட்டுநாயக்கா சென்று, அங்கு விமானமேறி இலண்டனிலும் றொறன்ரோவிலும் உள்ள மக்களையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் முதியோர் பலர். 2019-ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின், விமானப் பயணம் யாழ்ப்பாணத்தவர்க்கு இன்னும் அணித்தாயிற்று.

விமானம் புறப்படுமுன் பணியாளர் ஓர் அறிவித்தல் செய்வர். விமானத்துள் வளியமுக்கம் குறையுமாயின் மேலிருந்து முகமூடிகள் விழும் என்றும், முதலில் நும் முகமூடியை அணிந்துகொண்டு, அதன்பின்னரே அருகிலுள்ள குழந்தைக்கு அணிவிக்குக என்றும் அவர் கூறுவர். பெற்ற மனத்துக்கு இவ்வறிவுரை ஒவ்வாது. தன் வாய்க்குணவைத் தன் பிள்ளைக்கூட்டும் தாய், உயிர்மூச்சை மட்டும் தான் முதலிற் கொள்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை காண்பதற்கு உயரத்தின் இயல்பையும், விமானத்தின் அமைப்பையும், மனித மூளையின் ஒரு குறைபாட்டையும் முறையே அறிதல் வேண்டும்.

உயரமும் ஒட்சிசனும்

வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் என்னும் பிராணவாயு ஆகும். நாம் செல்லும் உயரங்களில் இவ்விகிதம் மாறுவதில்லை. மாறுவது அமுக்கமே. 18,000 அடி உயரத்தில் வளியமுக்கம் கடன்மட்டத்தினதிற் பாதியாகும். ஜெற் விமானங்கள் இயல்பாகப் பறக்கும் 35,000 அடியில் அது சதுர அங்குலத்துக்கு 3.5 இறாத்தலாய், காற்பங்கினுங் குறைகின்றது. எவரெஸ்ற் சிகரத்தின் உயரம் 29,032 அடி என்பதை நினைவிற் கொள்வோமாயின், விமானப் பயணி எத்தகைய இடத்தில் அமர்ந்து தேநீர் பருகுகின்றான் என்பது விளங்கும்.

ஒட்சிசன் சுவாசப்பையினின்றுங் குருதியினுட் புகுவது அமுக்க வேறுபாட்டினாலேயாம். சுவாசப்பையில் ஒட்சிசனின் அமுக்கம் மிகுந்தும் குருதியிற் குறைந்தும் இருக்கும்வரை அது உட்செல்லும். மிகுந்த உயரத்திலோ இந்நிலை தலைகீழாகின்றது. குருதியில் முன்னரே உள்ள ஒட்சிசனும் சுவாசப்பைக்கு மீண்டு வெளியேறத் தலைப்படும். மன்னார்க் கடலிற் சங்கு குளிப்போர் மூச்சடக்கி ஒரு நிமிடத்துக்கு மேலும் நீரடியில் இருக்க வல்லர். ஆழ்கடலின் அமுக்கம் அவர் மார்பிலுள்ள வளியை நெருக்கி ஒட்சிசனைக் குருதியுட் செலுத்துதலின், அவர்க்கு அஃது இயல்வதாயிற்று. வானத்தில் அத்தகைய துணை இல்லை. அமுக்கம் திடீரெனக் குறையும்போது மூச்சை அடக்குதல் பயன்படாது; விரியும் வளி சுவாசப்பையைக் கிழித்தலுங் கூடும்.

அமுக்கங் குறைந்த உயரத்தில் ஒருவன் தெளிந்த அறிவோடு செயலாற்றக்கூடிய காலத்தை வான்மருத்துவர் கணித்துள்ளனர். 25,000 அடியில் அது 3 முதல் 5 நிமிடம். 35,000 அடியில் 30 முதல் 60 விநாடி. 40,000 அடியில் 15 முதல் 20 விநாடி. அமுக்கம் திடீரெனக் குறையுமாயின் இக்காலம் ஏறத்தாழப் பாதியாகும். இஃது உயிர் போகுங் காலமன்று, அறிவு போகுங் காலம் என்பதை மாணாக்கர் கருத்திற் கொள்க.

விமானத்தின் உள்ளமைப்பு

இவ்விடரைத் தவிர்த்தற்கு விமானத்தை வளிபுகா உருளையாகச் சமைத்து, அதனுள் வளியை நெருக்கி நிரப்புகின்றனர். பெரும்பாலான ஜெற் விமானங்களில், இயந்திரத்தின் முற்பகுதியில் அமுக்கப்பட்ட வளியின் ஒரு கூற்றைப் பிரித்தெடுத்துக் குளிரச்செய்து உள்ளே செலுத்துவர். விமானத்தின் பின்பகுதியில் உள்ள ஒரு வால்வு மிகுந்த வளியை அளவறிந்து வெளியே விடும். உள்ளே வருவது ஏறத்தாழ ஒரே அளவினதாக, வெளியே செல்வதைக் கூட்டியுங் குறைத்தும் அமுக்கம் பேணப்படுகின்றது. ஓட்டையுள்ள குடத்தில் நீர்மட்டத்தைக் காக்க வேண்டின், ஊற்றும் நீரையும் ஒழுகும் நீரையும் ஒப்பநோக்குதல் போன்றதே இது.

உள்ளே கடன்மட்டத்து அமுக்கத்தையே வைத்திருத்தல் விமானத்தின் சுவருக்கு மிகை. ஆதலின் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய அமுக்கம் வைக்கப்படுகின்றது. நமது நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டாற் கூறின், நுவரெலியா நகர் 6,100 அடிக்குச் சற்று மேற்பட்டது. அதனை அடுத்துள்ள பீதுருதலாகல சிகரம் 8,281 அடி. விமானத்துள் இருப்பவன் வளியமுக்கத்தைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கின்றான் எனலாம்.

8,000 அடிக்குரிய அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 10.9 இறாத்தல். வெளியே 35,000 அடியில் 3.5 இறாத்தல். வேறுபாடு 7.4 இறாத்தல். ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம் ஆதலின், சுவரின் ஒவ்வொரு சதுர அடியும் உள்ளிருந்து வெளிநோக்கி ஏறக்குறைய 1,060 இறாத்தல் விசையாற் றள்ளப்படுகின்றது. ஒவ்வொரு பறப்பிலும் அவ்வுருளை ஒருமுறை உப்பி ஒருமுறை தளர்கின்றது. இவ்வாறு பன்முறை நிகழ உலோகம் இளைப்புறும்.

ஓசையோடு வருங் கேடு

இவ்வமைப்புக்கு வருங் கேடு இருவகைப்படும். ஒன்று சுவர் உடைதல். மற்றது வளி வரவு நிற்றல், அல்லது அது மெல்லக் கசிந்தொழிதல்.

முதல்வகைக்குச் சான்றாவது கொமெற் விமானத்தின் வரலாறு. உலகின் முதலாவது ஜெற் பயணி விமானமாகிய அது 1952-ஆம் ஆண்டு சேவையிற் புகுந்தது. அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் வந்தது. 1954 சனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற ஒரு கொமெற் விமானம் எல்பாத் தீவின் அருகே வானிற் சிதறி, அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் 8-ஆம் நாள் நேப்பிள்ஸ் நகருக்கு அணித்தாக மற்றொன்று அவ்வாறே சிதறி 21 பேர் மாண்டனர். இங்கிலாந்தின் பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு கொமெற்றின் உடலைப் பெருந்தொட்டியில் இட்டு, நீரமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். பறந்த காலத்தையுஞ் சேர்த்து 3,057-ஆவது முறை அஃது உடைந்தது. துவாரங்களின் மூலைகளில் உலோகம் இளைப்புற்றுப் பிளந்தமை தெளிவாயிற்று. அதன்பயனாகப் பின்வந்த விமானங்கள் உறுதியாகச் சமைக்கப்பட்டன.

அவ்வுறுதியின் பயனை 1988 ஏப்ரல் 28-ஆம் நாள் ஹவாயில் உலகங் கண்டது. அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடியிற் பறக்கையில், அதன் முற்பகுதியின் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் வளியால் இழுக்கப்பட்டு உயிர்துறந்தார். ஏனைய 94 பேரும், திறந்த வானின் கீழிருந்தவாறே இறங்கி உயிர்தப்பினர். விமானிகளுக்கு ஐயமெழ இடமில்லை, கூரையே போயிற்று. ஓசையோடு வந்த கேடு, செய்யவேண்டுவதைத் தானே உணர்த்தியது.

ஓசையின்றி வருங் கேடு

இரண்டாம் வகை இதனினும் அஞ்சத்தக்கது. இஃது ஏன் என்பதை அறிதற்கு மூச்சுமுட்டல் என்னும் உணர்ச்சியின் காரணத்தை அறிதல் வேண்டும். ஒருவன் மூக்கையும் வாயையும் பொத்தினால் அவன் திணறுவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைந்தமையால் அன்று. உடலில் உண்டாகும் காபனீரொட்சைட்டு வெளியேறாது குருதியிற் றிரண்டமையாலேயாம். உயரத்தில் அமுக்கங் குறையும்போதோ மூச்சு வழக்கம்போற் சென்று வருகின்றது; காபனீரொட்சைட்டும் வழக்கம்போல் வெளியேறுகின்றது. ஆதலின் திணறல் தோன்றுவதில்லை. நோவும் இல்லை. நகம் நீலிக்கும், பார்வை சுருங்கும், பேச்சுக் குழறும், எளிய கணக்கும் பிழைக்கும். ஆயினும் உள்ளத்தில் அமைதியும், சிலர்க்குக் களிப்புங்கூடத் தோன்றும். தன் மதி மங்குவதை அறிதற்கும் மதியே கருவி. அக்கருவி முதலிற் கெடுதலின், கெட்டவன் தான் கெட்டமையை அறியான்.

1875 ஏப்ரல் 15-ஆம் நாள் பிரான்சிலே செனித் என்னும் வாயுக்கூண்டில் மூவர் 8,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக்கு ஏறினர். ஒட்சிசன் நிறைந்த பைகள் அவர் கைக்கெட்டும் இடத்திலே இருந்தன. வேண்டும்போது எடுத்துக்கொள்வோம் என்பது அவர் கருத்து. வேண்டியபோது கைகள் எழவில்லை. கிறோசே-ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்தனர். தப்பிய தீசாந்தியே, தாம் துன்பம் எதனையும் உணரவில்லை என்றும், மகிழ்ச்சியே உணர்ந்தார் என்றும் பின்னர் எழுதிவைத்தார். இவ்வொரு நிகழ்ச்சியே நமது வினாவுக்குப் பாதி விடையாகும்.

மறுபாதியைத் தருவன அண்மைக்காலத்து இரு நிகழ்ச்சிகள். 2005 ஆகஸ்ற் 14-ஆம் நாள் சைப்பிரசுத் தீவின் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸ் நோக்கி ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று புறப்பட்டது. முன்னிரவு நடந்த பரிசோதனையின்பின், அமுக்கத்தை ஆளும் ஆளி தானியங்கு நிலைக்குத் திருப்பப்படாது கைந்நிலையிலேயே விடப்பட்டிருந்தது. புறப்படுமுன் பார்த்த விமானிகளின் கண்ணுக்கு அது படவில்லை. விமானம் ஏறும்போதே எச்சரிக்கை ஒலித்தது. ஓடுபாதையிற் புறப்படுங்கால் ஒழுங்கின்மையை உணர்த்தும் ஒலியும் அதே ஒலியாதலின், விமானிகள் அதனை அவ்வாறே கருதி மயங்கினர். முகமூடி அணியாது, நிலத்திலுள்ளாரோடு கருவிகளைப் பற்றி உரையாடிக்கொண்டிருக்கையிலேயே அவர்தம் அறிவு ஒடுங்கிற்று. தானியங்கி விமானத்தை 34,000 அடிக்கு ஏற்றி ஏதென்சுக்கு அணித்தாக வட்டமிடச் செய்தது. அருகே பறந்து சென்ற கிரேக்கப் போர்விமானிகள், தலைமை விமானியின் இருக்கை வெறிதாய் இருப்பதையும் துணைவிமானி சாய்ந்து கிடப்பதையும் கண்டனர். புறப்பட்டு ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் எரிபொருள் தீர்ந்து அவ்விமானம் மலைச்சாரலில் வீழ்ந்தது. 121 பேரும் மாண்டனர். விமானத்தின் உடலில் ஒரு கீறலும் முன்னர் இருந்ததில்லை.

2018 செப்ரெம்பர் 20-ஆம் நாள் அதிகாலை, மும்பாயிலிருந்து ஜெய்ப்பூர் நோக்கி ஜெற் எயர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 166 பயணிகளோடு புறப்பட்டது. உள்ளமுக்கத்தைப் பேணும் ஆளியை இடுவதற்கு விமானிகள் மறந்தனர் என்று இந்திய விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர். விமானம் ஏற ஏற உள்ளமுக்கமும் குறைந்தது. முகமூடிகள் விழுந்தன. நடுக்காதிலும் முகவெலும்பின் குழிகளிலும் அடைபட்ட வளி விரிந்தமையால் முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் துன்புற்றனர். சிலர்க்கு மூக்கிலுங் காதிலும் குருதி கசிந்தது. சிலர்க்குத் தலைவலி உண்டாயிற்று. ஆயினும் விமானம் மேலும் ஏறாது மும்பாய்க்கே திரும்பி இறங்கியது. ஓருயிரும் போகவில்லை.

இவ்விரு விமானங்களும் ஒரே குடும்பத்தன. இரண்டிலும் தொடக்கப் பிழை ஓர் ஆளியைப் பற்றியது. ஒன்று 121 உயிரைக் கொண்டது. மற்றது அனைவரையும் தரைசேர்த்தது. ஆளியில் நிகழும் பிழை மனிதர்க்கு இயல்பு. அப்பிழையின்பின், மதி தெளிவாயிருக்குஞ் சில நிமிடங்களுள் மேலேறுதல் நிற்கின்றதா என்பதிலேயே உயிரும் சாவும் தங்கியுள்ளன. ஹீலியோஸ் விபத்தின் பின்னர், ஒலியோடு தனி எச்சரிக்கை விளக்குகளும் அவ்வகை விமானங்களிற் பொருத்தப்படலாயின.

விமானிகள் செய்வது

உள்ளமுக்கம் 10,000 அடிக்குரிய அளவுக்குக் குறைந்தவுடன் விமானிகளுக்கு எச்சரிக்கை ஒலிக்கும். அப்போது காரணத்தை ஆராய்தல் அவர்க்கு முதற்கடனன்று. முதலில் ஒட்சிசன் முகமூடியை அணிதல் வேண்டும். ஒரு கையால், ஐந்து விநாடியுள் அணியத்தக்கதாய் அது பக்கத்திலேயே தொங்கும். இரண்டாவது, முகமூடியிலுள்ள ஒலிவாங்கி வழியாக இருவரும் ஒருவரோடொருவர் பேச இயலுகின்றதா எனப் பார்த்தல். மூன்றாவது, அமுக்கத்தை ஆளும் கருவியைக் கையாற் சரிசெய்ய முயலுதல். அஃது இயலாதாயின் பயணிகளின் முகமூடிகளை விழச்செய்து, இயந்திர விசையைத் தணித்து, சிறகின்மேலுள்ள தடுப்புப் பலகைகளை உயர்த்தி, 10,000 அடிக்கு விரைந்து இறங்குதல். கீழே மலைத்தொடர் இருப்பின் அதற்குத் தக்க பாதுகாப்பான உயரத்தோடு நிற்றல் வேண்டும். இதனிடையே நிலத்திலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஆபத்தை அறிவித்து, ஏனைய விமானங்கள் வழிவிடச் செய்வர்.

இவ்வொழுங்கு மனனஞ் செய்யப்பட்டது. பயிற்சிக் கூடங்களில் மீள மீள ஆடிப் பழகப்பட்டது. மதி தெளிந்த காலத்தில் பலர் கூடி ஆய்ந்து முடித்த முடிபை, மதி மங்கக்கூடிய காலத்தில் ஒருவன் ஐயமின்றிச் செய்தலே இதன் பொருள்.

பயணிகள் செய்யவேண்டுவன

உள்ளமுக்கம் ஏறத்தாழ 14,000 அடிக்குரிய அளவை எட்டுமாயின் பயணிகளின் முகமூடிகள் தாமே விழும். முகமூடியைத் தன்பால் நன்றாக இழுத்தல் வேண்டும். பல விமானங்களில் அவ்விழுப்பே ஒட்சிசன் சுரக்கும் கலத்தைத் தொழிற்படச் செய்கின்றது. அக்கலத்தில் சோடியங் குளோரேற்று முதலிய இரசாயனப் பொருள்கள் உள. அவை வெப்பமுற்று ஒட்சிசனை வெளிவிடும். எரிவது போன்ற நாற்றமும் எழலாம். அது தீயன்று. முகமூடியோடு சேர்ந்த பை உப்பாதிருப்பினும் ஒட்சிசன் வருகின்றது என்றே கொள்க. மூக்கும் வாயும் மூடுமாறு அணிந்து, இயல்பாக மூச்சுவிடுதல் வேண்டும்.

அக்கலங்கள் பெரும்பாலும் 12 முதல் 15 நிமிடம் வரை ஒட்சிசன் தரும். இது போதுமா எனிற் போதும். 35,000 அடியிலிருந்து 10,000 அடிக்கு இறங்க ஏறக்குறைய ஐந்து நிமிடமே செல்லும். அவ்விறக்கத்தில் விமானத்தின் முகம் சாயும். இயந்திர ஓசை தணியும். தடுப்புப் பலகையால் நடுக்கம் உண்டாகும். விழுகின்றோம் என்று பயணிகள் அஞ்சுதல் இயல்பு. விமானம் ஆளப்பட்டே இறங்குகின்றது என்பதை முன்னரே அறிந்திருப்போன் அஞ்சான். திடீரென அமுக்கங் குறையின் உள்ளே வெண்மூடுபனி தோன்றுவதும் உண்டு; குளிர்ந்த வளியிலுள்ள நீராவி ஒடுங்குதலே அதன் காரணம், அது புகையன்று. இருக்கைப்பட்டியை இறுக்கியிருத்தல் வேண்டும். காதடைப்பின் உமிழ்நீரை விழுங்குக. கடுந்தடிமன் உள்ளோர்க்கு இறக்கத்திற் காதுநோவு மிகும்.

இனித் தாயின் வினாவுக்கு வருவோம். உயர்ந்த வானில் அமுக்கம் முற்றாகக் குறையின் அவட்கு உள்ள தெளிந்த காலம் அரை நிமிடம் என்று கொள்க. அழுது முகந்திருப்புங் குழந்தைக்கு முகமூடி அணிவிப்பதில் அக்காலம் கழியுமாயின், பாதியிலேயே அவள் விரல் தளரும். தான் தளர்ந்தமையை அவளும் அறியாள். செனித் கூண்டிலிருந்தோர் போல எல்லாம் நன்றாய் நடக்கின்றது என்றே எண்ணுவாள். அப்போது இருவர்க்கும் துணையில்லை. தன் முகமூடியை அணிய ஐந்து விநாடி போதும். அதன்பின் குழந்தை ஓரிரு கணம் மயங்கினும், தெளிந்த மதியும் தளராத கையும் உடைய ஒருத்தி அதன் பக்கத்தில் இருப்பாள். குறுகிய மயக்கத்தினின்றும் குழந்தை ஒட்சிசன் பெற்றவுடன் மீளும். ஆகவே தான் முதலிற் கொள்ளும் அம்மூச்சு, குழந்தைக்காகக் கொள்ளும் மூச்சேயாம்.

நெஞ்சிற் பிறக்கும் அன்பு செயலாவதற்கு மூளை தெளிந்திருத்தல் வேண்டும். அதனால், செய்யவேண்டுவதை நிலத்தில் இருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளல் நன்று. முதன்முறை விமானமேறும் தாய்தந்தையரையும் பாட்டன் பாட்டிமாரையும் வழியனுப்பும் மாணாக்கர், பணியாளரின் அறிவித்தல் அவர்க்குப் புரியாத மொழியில் இருத்தல் கூடும் என்பதை எண்ணி, அதன் பொருளையுங் காரணத்தையும் வீட்டிலேயே அவர்க்கு விளங்கக் கூறுவாராக. பௌதிகமும் இரசாயனமும் உடற்றொழிலியலும் பரீட்சை மண்டபத்தோடு முடிவன அல்ல. 35,000 அடி உயரத்தில் ஒரு முதியவளின் கை எந்த முகமூடியை முதலில் நாடும் என்பதையும் அவையே தீர்மானிக்கும்.